ஊமைக் கட்டை

பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்கள் முதல் நாளே கடைசல் இயந்திரத்தின் பக்கம் போய் நிற்பார்கள். நான் கையில் விளக்குமாற்றைக் கொடுத்துவிடுவேன். முகம் சுருங்கிப்போகும். என் ஆசாரி என்னை எட்டு மாதம் கூட்ட வைத்தார். நான் இவர்களை மூன்று மாதத்தோடு விட்டுவிடுகிறேன், காலம் மாறிவிட்டது. பலாச் சீவலை அள்ளி அள்ளிப் போட்டவனுக்குத்தான் எது பச்சை மரத்துச் சீவல், எது காய்ந்தது, எது நார் மாறி ஓடிய மரம் என்பது கைக்குத் தெரியும். நல்ல வைரத்திலிருந்து வருகிற சீவல் நாடாபோல் சுருளும். கோளாறுள்ள இடத்துச் சீவல் பொரிமாவாக உதிரும். இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை, கூட்டுகிறவன் பார்த்துக்கொள்ள வேண்டியது.

நான் பண்ருட்டிப் பக்கத்துக்காரன். மிருதங்கக் கட்டை, தவில் கட்டை கடைவது தொழில். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு முன் அப்பாவோடு நிலை, கதவு, சன்னல் வேலை. அவருக்குத் தேக்கும் வேம்பும்தான் மரம். பலாவைக் கண்டால் “பால் மரம், ரம்பத்தைக் கவ்வும்” என்று ஒதுக்கிவிடுவார். ரம்பத்தைக் கவ்வும் என்பது உண்மைதான். பச்சைப் பலாவை அறுத்தால் பாலும் தூளும் சேர்ந்து பற்களுக்கு நடுவே அப்பிக்கொள்ளும். பழம் அரியும்போது வீட்டுப் பெண்கள் கத்திக்கும் கைக்கும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறார்களே, அதே வழிதான் ரம்பத்துக்கும். நாங்கள் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே அறுப்போம். அப்பாவுக்கு அந்தப் பொறுமை இல்லை.

1983-இல் ஆசாரியிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் அந்தக் காலத்திலேயே அறுபதை நெருங்கியவர். மோட்டார் வருவதற்கு முன் கயிற்றை ஒருவர் இழுக்க, ஒருவர் உளி பிடித்துக் கடைந்த தலைமுறை. அதற்கும் முன்னால், சிறுவயதில், உள்ளே முழுவதையும் வாய்ச்சியாலும் வளைந்த உளியாலும் கொட்டாப்புளி தட்டித் தோண்டியிருக்கிறார். ஒரு கட்டைக்கு ஐந்தாறு நாள். அவர் வலது கைக் கட்டைவிரல் பின்பக்கமாக வளைந்து போயிருந்தது. கட்டையின் வாயில் கட்டைவிரல் உள்ளே, மற்ற விரல்கள் வெளியே என்று பிடித்து நகர்த்திக்கொண்டே வருவார். கனம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று சாக்குக்கட்டியால் வெளியே கோடு போடுவார். நான் பிறகு இரும்புக் கவராயம் வைத்து அளந்து பார்த்திருக்கிறேன். அவர் போட்ட கோடு ஒரு தடவைகூடத் தவறியதில்லை என்று எழுத ஆசைதான். தவறியிருக்கிறது, இரண்டு மூன்று முறை. அப்போதெல்லாம் அவர் கவராயத்தைத் திட்டுவார்.

எங்கள் பக்கம் யாரும் பலாவை மரத்துக்காக நடுவதில்லை. கெடிலம் ஆற்றுக்குத் தெற்கே போகப் போக மண் சிவந்துகொண்டே வரும். பணிக்கன்குப்பம் பக்கமெல்லாம் தோப்புத் தோப்பாகப் பலாவும் முந்திரியும். தாத்தா நட்டார், அப்பா பறித்தார், பேரன் குத்தகைக்கு விடுகிறான் என்று போய்க்கொண்டிருக்கும். கும்பகோணம் சாலையில் சித்திரை, வைகாசியில் போனால் இருபுறமும் குவித்து வைத்திருப்பார்கள். அப்படிக் காய்த்துக் காய்த்துக் களைத்த மரம், காய்ப்பு விட்டுப்போன மரம், பங்காளிச் சண்டையில் வேலிக் கணக்குக்கு வந்த மரம், வீடு கட்ட இடைஞ்சலான மரம் இவைதான் எங்கள் கைக்கு வரும். ஓய்வு பெற்ற மரம் என்பார் ஆசாரி. நமக்கு வேண்டிய அளவில், வேண்டிய நேரத்தில் கிடைக்காது. கிடைத்ததை வாங்கி வைத்துக் காத்திருக்க வேண்டும்.

ஒரு மிருதங்கக் கட்டைக்கு நீளம் 22-லிருந்து 24 அங்குலம். மேல் சுருதிக்கு 22, கீழ்ச் சுருதிக்கு 24. சுருதியையும் கட்டை என்றுதான் எண்ணுவார்கள், நாங்கள் கடைவதும் கட்டை. பட்டறைக்குப் புதிதாக வந்தவன் “அஞ்சு கட்டை” என்று போனில் கேட்டதும் ஐந்து உருப்படி எடுத்து வைத்துவிட்ட கதை எல்லாப் பட்டறையிலும் உண்டு. வலப்பக்கத்து வலந்தலை வாய் ஆறேகால் அங்குலம் சுமார், இடப்பக்கத்துத் தொப்பி வாய் ஏழுக்கு மேல். வயிறு நடுவில் இருக்காது, தொப்பிப் பக்கம் தள்ளி இருக்கும். அந்த வயிற்றுக்கு மட்டும் பத்து, பதினோரு அங்குலம் வேண்டும். அந்த அகலம் முழுக்க வைரமாக இருக்க வேண்டும். மரம் பருத்திருப்பதை வைத்து ஏமாறக் கூடாது. பட்டைக்குள் வெள்ளை ஒரு வளையமாக ஓடும், அதைக் கழித்துவிட்டு மிஞ்சுகிற மஞ்சள்தான் நம் கணக்கு. முப்பது நாற்பது வருஷம் நின்ற மரமாவது வேண்டும் என்பது அதனால்தான்.

இந்த வெள்ளையில்தான் நான் முதலில் அடிபட்டேன். தனியாகக் கடைய ஆரம்பித்த புதிது. சென்னையிலிருந்து ஒருவருக்கு 24 அங்குலக் கட்டை, அவசரம். என்னிடம் இருந்த உருளையில் தொப்பிப் பக்கம் ஒரு கையகலம் வெள்ளை வந்தது. உருளையைக் கழிக்க மனசில்லை. தோல் வார்க்கட்டுக்குக் கீழே மறைந்துவிடும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று வண்ணமெழுகு பூசி அனுப்பிவிட்டேன். ஆறாம் மாதம் அந்த வித்துவான் பட்டறைக்கே வந்துவிட்டார். கோபமாகக்கூடப் பேசவில்லை. வேட்டி மடிப்பைக் காட்டினார். முகப்பவுடர் கொட்டினதுபோல் வெள்ளைத் தூள். வாசிக்க வாசிக்கக் கட்டையிலிருந்து கொட்டியிருக்கிறது. குண்டூசி நுழைகிற அளவுக்கு வரிசையாகத் துளைகள். பலாவின் வைரத்தைக் கரையான் சீந்தாது, உளு தொடாது. வெள்ளை அப்படி இல்லை, அதில் மாவு இருக்கிறது, பொடிவண்டுக்கு அது சோறு. ஆசாரி அன்று பட்டறையில் இருந்தார். வந்தவரிடம், “பையன் செஞ்சது தப்புங்க, நான் ஒண்ணு கடஞ்சி தர்றேன்” என்று மட்டும் சொன்னார். அவர் போன பிறகும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் ஏதாவது திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அடுத்தது நடு. மரத்தின் நட்ட நடுவில் ஒரு மெல்லிய தக்கை ஓடும், நாங்கள் நெஞ்சு என்போம். பச்சை உருளையை அப்படியே போட்டுவைத்தால் இந்த நெஞ்சிலிருந்து நட்சத்திரம்போல் வெடிப்புக் கிளம்பும். மரம் காயும்போது சுற்றுவாக்கில் அதிகம் சுருங்கும், நெஞ்சிலிருந்து பட்டையை நோக்கிய வாக்கில் குறைவாகத்தான் சுருங்கும். மேலே சட்டை இறுகுகிறது, உள்ளே உடம்பு விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறது. எங்காவது பிரியத்தான் வேண்டும். அதனால் அறுத்த பத்துப் பதினைந்து நாளுக்குள் நடுவைத் தோண்டி எடுத்துவிடுவோம். மிருதங்கத்துக்கு வாய்த்த வசதி இது. எப்படியும் உள்ளே வெறுமையாக இருக்க வேண்டிய சாமான், நெஞ்சு போய்விட்டால் சுற்றியுள்ள மரம் தொல்லையில்லாமல் சுருங்கிக்கொள்ளும்.

ஆனால் நெஞ்சு உருளையின் நடுவில்தான் இருக்கும் என்று யார் சொன்னது? சாய்ந்து நின்ற மரத்தில் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். நான் சேர்ந்த மூன்றாம் வருஷம் ஒரு நல்ல உருளை. முகத்தில் கவராயம் வைத்து, வட்டம் பெரிதாக வர வேண்டும் என்பதற்காக உருளையின் நடுவைக் குறித்தேன். நெஞ்சு இரண்டு அங்குலம் தள்ளி இருந்தது. கண்ணால் பார்த்தேன், பார்த்தும் குறித்தேன். கடைந்து முடித்தபோது அழகான கட்டை. மூன்றாம் நாள் ராத்திரி பட்டறைக்குள் வேட்டுப் போட்டதுபோல் சத்தம். “என்னடா, தீபாவளியா?” என்று ஆசாரி எழுந்து உட்கார்ந்தார். சிம்னி விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், தொப்பி வாயிலிருந்து வயிறுவரை கட்டை பிளந்து கிடக்கிறது. நெஞ்சு சுவருக்குள் ஓடியிருந்தது. மறுநாள் அந்தக் கட்டையின் மேல் ஒரு பலகை அடிக்கச் சொன்னார். அதுதான் என் முக்காலி. மூன்று தலைமுறைப் பையன்கள் அதில் உட்கார்ந்து உளி தீட்டிவிட்டார்கள், விரிசலில் இன்னும் அரத்தைச் செருகி வைப்போம்.

முதல் கடைசலில் சுவரை ஒரு விரற்கடை கூடுதலாக விட்டுவிடுவோம். இரண்டு வாய் ஓரத்திலும் களிமண்ணும் பசுஞ்சாணமும் குழைத்து அப்ப வேண்டும். மரத்தின் ஈரம் வாய்ப்பக்கம்தான் சீக்கிரம் ஓடும், அந்த இடம் முதலில் காய்ந்தால் அங்கேதான் வெடிக்கும். இப்போது மெழுகு பூசுகிறார்கள், அதுவும் சரிதான். காற்று வருகிற, வெயில் படாத இடம். தரையில் படாமல் சட்டத்தின் மேல் அடுக்கி, மாதம் ஒருமுறை புரட்ட வேண்டும். எவ்வளவு நாள் என்று பையன்கள் கேட்பார்கள். ஒரு வருஷத்துக்குக் குறைந்து நான் எடுப்பதில்லை. ஆசாரி இரண்டு மழைக்காலம் பார்க்காமல் தொட மாட்டார். தராசில் வைத்து எழுதிவைக்கச் சொல்கிறேன், தொடர்ந்து இரண்டு மாதம் எடை இறங்காமல் நின்றால் காய்ந்தது என்று அர்த்தம். ஆசாரி தராசு வைத்ததில்லை. கட்டையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொள்வார். ஈரமுள்ள மரம் சில்லென்று இருக்கும். தாடி மழித்த அன்று மட்டும்தான் இது சரியாகத் தெரியும் என்பார். அதற்காகவே வெள்ளிக்கிழமை காலை சவரம், பிறகு கட்டை பார்த்தல்.

இப்படிக் காய்ந்த பிறகுதான் பலா தன் குணத்தைக் காட்டும். ஒரு கன அடி ஏறத்தாழ 17, 18 கிலோ நிற்கும், தேக்கைவிட ஒரு கண்ணி குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். கருங்காலி தண்ணீரில் மூழ்கும், அதில் கட்டை கடைந்தால் வித்துவானுக்குத் தூக்குக்கூலி ஆள் வேண்டும். முருங்கை மாதிரி லேசான மரம் வாரின் இழுப்பைத் தாங்காது, வாய் கோணிவிடும். வார் இழுக்கிற இழுப்பை லேசாக நினைக்காதீர்கள், இரண்டு வாயையும் ராத்திரி பகலாக நெருக்கிக்கொண்டே இருக்கும். பலா இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தூக்கலாம், தாங்கும், சுருங்கி முடித்த பிறகு அதிகம் அசையாது, பூச்சி வராது. வேம்பிலும் பூவரசிலும் கடைந்து பார்த்தவர்கள் உண்டு. நானும் செம்மரத்தில் ஒன்று கடைந்திருக்கிறேன். நாதம் இருந்தது, ஆனால் கூட வாசிப்பவருக்கே காது வலித்தது என்றார்கள். மலையாளத்துக்காரர்களின் செண்டை, மத்தளம், இடக்கை, நம்முடைய தவில், கஞ்சிராவின் வளையம், தஞ்சாவூர் வீணையின் குடமும் தண்டியும் எல்லாம் இந்த மரம்தான். வீணைக்கு எங்கள் பக்கத்திலிருந்துதான் மரம் வண்டியேறும். 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். மரம் எடுக்க வந்த வீணை ஆசாரியிடம் வாழ்த்துச் சொன்னேன். “அது இருக்கட்டும், இந்த உருளையில முடிச்சு இருக்கே, ஐந்நூறு குறைச்சுக்க” என்றார்.

முடிச்சு என்றதும் ஒன்று. பலா கிளையில் மட்டும் காய்ப்பதில்லை, அடிமரத்திலேயே காய்க்கும். காய்க்கொத்து வருஷா வருஷம் ஒரே இடத்திலிருந்து கிளம்பும், அந்த இடம் குமிழ் குமிழாகத் தடித்துப்போகும். பட்டையைச் செதுக்கினாலும் அந்தக் குமிழின் வேர் உள்ளே நார்ப்போக்கைத் திருகிவிட்டிருக்கும். நிறையக் காய்த்த மரத்தை வாங்கும்போது அதைச் சுற்றி வந்து குமிழ்களை எண்ணுங்கள். போதாததற்கு, பலாவின் நார் இயல்பாகவே ஒரு திசையில் ஓடாது. சில வருஷம் வலப்பக்கம் சாய்ந்து வளரும், சில வருஷம் இடப்பக்கம். இழைப்புளி போட்டால் ஒரு பட்டை வழவழவென்று வரும், அடுத்த பட்டை பிய்ந்துகொண்டு நிற்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பட்டுப் புடவைபோல் பட்டை பட்டையாக மின்னும். அந்த அழகுக்கு விலை நம் உளியின் கருக்கு. சாணை பிடித்த உளி பத்து நிமிஷத்தில் மழுங்குகிறது என்றால் அலுத்துக்கொள்ளாமல் மறுபடி தீட்டுவதைத் தவிர வழியில்லை. மழுங்கின உளியை அழுத்துகிறவன் மரத்தைப் பிய்ப்பான், கையையும் வெட்டிக்கொள்வான். என் இடது ஆள்காட்டி விரலில் பாதி நகம் கிடையாது. அதற்குக் காரணம் சோம்பல்தான், வேறொன்றுமில்லை.

சாலையோர மரம் வேண்டவே வேண்டாம் என்பேன். விளம்பரத் தட்டி, தேர்தல் கொடி, தேநீர்க் கடை விளக்கு என்று ஆளாளுக்கு அடித்த ஆணியை மரம் விழுங்கி வைத்திருக்கும். வெளியே தழும்புகூடத் தெரியாது. அறுத்த முகத்தில் மஞ்சளுக்கு நடுவே கறுப்பாக மை சிந்தினதுபோல் ஒரு கறை நீண்டு ஓடினால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று பொருள். அதைப் பார்க்காமல் உளியைக் கொடுத்தால் உளி போகும், சில சமயம் கண்ணும் போகும்.

ரயில் பாதை ஓரம் நின்ற பலா நல்ல நாதம் தரும், ரயில் போகிற அதிர்வில் மரம் பண்பட்டுப்போகும் என்றும், கோயில் மணி கேட்டு வளர்ந்த மரம் விசேஷம் என்றும் சொல்கிறவர்கள் உண்டு. வித்துவான்களே கேட்டு வந்திருக்கிறார்கள். நான் ரயிலோர மரத்திலும் கடைந்திருக்கிறேன், கிணற்றங்கரை மரத்திலும் கடைந்திருக்கிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டு என்னால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை. தண்ணீர் அதிகம் குடித்து அவசரமாகப் பருத்த மரம் பஞ்சுபோல் இருக்கும், மேட்டு நிலத்தில் மெதுவாக வளர்ந்த மரம் கெட்டியாக இருக்கும் என்பது மட்டும் கைக்குத் தெரிகிறது. ஒருவேளை தண்டவாள ஓரத்தில் தண்ணீர் நிற்காது என்பதுதான் விஷயமோ என்னவோ.

நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வீட்டில் கோபித்துக்கொள்வார்கள். அறுத்த அன்று பலா எலுமிச்சை மஞ்சள். ஒரு வருஷத்தில் தேன் நிறம். பத்து இருபது வருஷத்தில் செம்பழுப்பு. அந்த மஞ்சள் தூள் வேர்வையில் ஊறி என் பனியன், துண்டு, தலையணை உறை எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. என் மனைவி போட்டு வெளுக்காத சோப்பு இல்லை. பர்மாவிலும் சிலோனிலும் பிக்குகள் தங்கள் ஆடைக்கு இந்த மரத்துச் சீவலைக் கொதிக்க வைத்துத்தான் சாயம் ஏற்றுவார்கள் என்று மரம் பார்க்க வந்த ஒருவர் சொன்னார். “அப்ப இவரும் சந்நியாசிதான், மளிகைக் கணக்குக் கேட்டா மட்டும்” என்று உள்ளிருந்து பதில் வந்தது. இந்த நிற மாற்றத்தை வைத்துப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். நேற்று அறுத்த மரத்துக்குக் கஷாயம் பூசிப் பழைய கட்டை என்று விற்பார்கள். வாய் ஓரத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே எலுமிச்சை எட்டிப் பார்க்கும்.

கடைசிக் கடைசல் முடிந்து, வாய் விளிம்பைக் கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து வைத்து, எந்த இடத்தில் வெளிச்சம் கசிகிறது என்று பார்த்து அரம் போட வேண்டும். விளிம்பு கூராக நின்றால் தோலை அறுக்கும். ரொம்ப மழுங்கினால் ஓசை மங்கும். எவ்வளவு என்பதை நான் ஆசாரியிடம் கற்கவில்லை, மூட்டுக் கட்டுகிறவர்களிடம் கற்றேன். கட்டை எங்களைவிட்டுப் போகும்போது ஊமையாகத்தான் போகும். விரலால் சுண்டினால் ‘டொக்’ என்று ஏதோ சொல்லும், அவ்வளவுதான். தோல் தேர்ந்து, மூட்டு முடைந்து, வார் பிடித்து, கரணை இட்டு, அதைப் பேச வைப்பது அவர்கள். முதலில் எனக்கு இது உறைக்கவில்லை. என் கட்டை சரி, உங்கள் தோல் சரியில்லை என்று அவர்களில் ஒரு பெரியவரிடம் ஒருமுறை சண்டை போட்டேன். அந்தப் பெரியவர் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, மூட்டை அவிழ்த்து, விளிம்பில் ஓர் இடத்தில் என் விரலை வைத்து அழுத்தினார். மயிரிழைப் பள்ளம். “இங்கதான் தம்பி காத்து போவுது” என்றார். அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறையாவது அவர்கள் பட்டறையில் போய் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். தோல் எத்தனையோ முறை மாறும். கட்டை அப்படியே நிற்கும். தாத்தா வாசித்த கட்டையில் பேரன் வாசிக்கிறான். அதில் கடைந்தவன் பேர் இருக்காது.

எங்கள் கட்டை வெடிப்பதெல்லாம் பெரும்பாலும் எங்கள் ஊரில் அல்ல. மார்கழிக் குளிரில் வடக்கே போனது, அமெரிக்கக் குளிர்காலத்தில் சூடாக்கிய வீட்டுக்குள் இருந்தது, இப்படித்தான் வந்து சேரும். கடலோரக் காற்றில் காய்ந்த மரம், அந்த வறண்ட காற்றுக்குப் போனதும் மிச்சமிருந்த ஈரத்தையும் விட்டுவிட்டு இன்னொரு முறை சுருங்கும். முடிந்தவரை வெடிப்புக்குள் பலா ஆப்பு வைத்து, அந்த மரத்துத் தூளையே பசையில் குழைத்து அடைத்துத் தருகிறேன்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. எங்கள் பட்டறைக் கூரை போனதைச் சொல்லவில்லை, அது ஒரு நாள் வேலை. வெளியே வந்து பார்த்தால் தோப்பே இல்லை. வானம் தெரியாத இடத்திலெல்லாம் வானம். பலாவும் முந்திரியும் வேரோடு புரண்டு, ஒன்றின் மேல் ஒன்று. மரத்தடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவர்களை எனக்கு ஐம்பது வருஷமாகத் தெரியும். மூன்றாம் நாளே வெளியூர் லாரிகள் வந்துவிட்டன. எனக்கும் கை பரபரத்தது, வாழ்நாளில் அவ்வளவு பலாவை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. ஆசாரிக்கு அப்போது எண்பத்தைந்து இருக்கும். “எழவு வீட்டுக்குப் போயி பாத்திரம் வெலை கேப்பியா? பதினாறாம் நாள் கழிச்சுப் போ” என்றார். பதினாறு நாள் நான் பொறுக்கவில்லை. பத்தாம் நாள் போனேன். அவரும் தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அன்று அவர் சொல்லிக்கொடுத்ததை அதற்கு முன் இருபத்தெட்டு வருஷத்தில் சொல்ல வாய்ப்பே வந்ததில்லை. வேரோடு சாய்ந்த மரத்தையும் நடுவில் முறிந்த மரத்தையும் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னார். வேர் பெயர்ந்து விழுந்த மரத்தில் தண்டு அதிகம் வதைபட்டிருக்காது. நின்ற இடத்திலேயே காற்றில் வளைந்து வளைந்து போராடி முறிந்த மரம் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே நார் நொறுங்கியிருக்கும். ஒரு முறிந்த தண்டில் பட்டையைச் செதுக்கி, இழைப்புளியால் நாலு தள்ளுத் தள்ளி, எச்சில் தொட்டுத் தடவினார். மஞ்சள் மரத்தின் குறுக்கே, நாருக்கு எதிராக, வெளிறின கீற்றுகள். தலைமயிர் அளவுதான். உளியை வைத்ததும் அந்த இடத்தில் சீவல் சுருளாமல் துண்டு துண்டாக உடைந்தது. “இது கதவுக்கும் ஆவாது. அடுப்புக்குக் குடு” என்றார். அந்தக் கீற்றைப் பார்க்காமல் மலிவாக வாங்கிக் கடைந்தவர்களின் கட்டைகள் அடுத்த இரண்டு மூன்று வருஷம் வார் இழுப்பில் குறுக்காக முறிந்து வந்தன. மரம் நீளவாக்கில் வெடித்துப் பார்த்திருக்கிறேன், குறுக்கே முறிந்து அதற்கு முன் பார்த்ததில்லை.

பதினோரு உருளைதான் தேறியது. அவ்வளவையும் பத்து நாளில் தோண்டக் கையில் ஆளில்லை, மின்சாரமும் இல்லை. ஆசாரி யோசனைப்படி ஊர்க் குட்டையில் உருட்டிவிட்டோம். தண்ணீருக்குள் முழுக்க அமிழ்ந்திருக்கிற மரம் காயாது, ஆகவே வெடிக்காது, வண்டும் வராது. மேலே மிதக்காதபடி கல் கட்டினோம். ஒரு வாரத்தில் குட்டைத் தண்ணீர் மஞ்சள் பூத்தது. எருமை குளிப்பாட்ட வந்தவர்கள் எங்களைத் திட்டாத திட்டில்லை. சித்திரையில் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, நெஞ்சு கழித்து, சாணி அப்பி அடுக்கினோம். அதில் முதலாவது கட்டையைக் கடைந்து முடித்தபோது ஆசாரி இல்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தராசில் வைத்தேன்.

புயலுக்கு மறு வருஷம் எங்கள் பக்கத்துத் தோப்புக்காரர் மறுபடியும் பலா நட்டார். போன மாதம் அந்தப் பக்கம் போனவன் சும்மா இருக்காமல் ஒரு மரத்தைக் கையால் சுற்றி அளந்தேன். நாலு சாண், ரெண்டு விரல். வெள்ளையைக் கழித்தால் உள்ளே வைரம் கையளவு இருந்தால் அதிகம். அவர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார்.

“என்னண்ணே, அதுக்குள்ளயே கட்டைக்குக் கண்ணு வெச்சிட்டியா? இது என் பேரனுக்குக் கல்யாணம் ஆவற வரைக்கும் காய்க்கும்.”

அடிமரத்தில், தரையை ஒட்டி இரண்டு காய் பிடித்திருந்தது. குமிழ் இப்போதுதான் கிளம்பியிருக்கிறது. பழம் பழுத்தால் சொல்லியனுப்பச் சொல்லிவிட்டு வந்தேன்.